வில்லி ஏன் வில்லியானாள்? உளவியல் வகுப்புக்குள் வந்த சீரியல்

யாழ்ப்பாணத்தில் உளவியல் படிப்பிக்கிற எவரும் ஒரு சொல்லில் ஒரு தடவையாவது தடுக்கி விழுந்திருப்பார். அந்தச் சொல் இடப்பெயர்ச்சி. மேலதிகாரியிடம் காட்ட முடியாத கோபத்தை வீட்டுக்கு வந்து பிள்ளையிடம் காட்டுகிறோமே, அதற்கு ஃபிராய்ட் வழிவந்தவர்கள் வைத்த பெயரைத் தமிழில் அப்படி எழுதலாம். எழுதிப் பாருங்கள். எழுதி முடிப்பதற்குள் வகுப்பின் முகம் மாறிவிடும். இங்கே அந்தச் சொல் கொண்டுவருவது யாழ்ப்பாணமே போருக்குப் பயந்து ஊரைவிட்டு வெளியேறிய 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவை: மழை, நாவற்குழிப் பாலம், தலையில் மூட்டை. முன்வரிசையில் இருக்கும் பிள்ளைகள் அப்போது பிறக்கவேயில்லை. இருந்தாலும் வீட்டில் கேட்டுக் கேட்டு அது அவர்களுடைய நினைவாகவும் ஆகிவிட்டது. வன்னியில் இருந்து வருகிறவர்களுக்குப் போர் முடிந்த 2009 சொந்த நினைவாகவே இருக்கிறது. அந்தச் சொல்லின் மேல் நின்றுகொண்டு மனதின் தற்காப்பு உத்திகளைப் பற்றிக் கதைத்தால் எவர் காதிலும் ஏறாது.

அதனால் அந்தப் பாடத்தை நான் இப்போது வேறு வழியால் தொடங்குகிறேன். போனை ஸ்பீக்கரோடு இணைத்து ஒரு சீரியலில் இருந்து 40 செக்கன். சொந்தக்காரர் எல்லோருக்கும் முன்னால் மாமியார் மருமகளைக் குத்திக் கதைக்கிறார். மருமகள் வாய் திறக்கவில்லை. குசினிக்குள் போகிறாள், சட்டி அடுப்பில் டங்கென்று விழுகிறது, தண்ணீர் கேட்டு வந்த மகனுக்கு முதுகில் ஒன்று. நிறுத்துகிறேன். "எங்கட வீட்டிலயும் இதுதான் சேர்" என்று பின்வரிசையில் ஒரு குரல் வரும், வகுப்பு சிரிக்கும். வரைவிலக்கணத்தை அவர்களே சொல்லி முடித்துவிடுவார்கள். பெயரை மட்டும் நான் கடைசியில் பலகையில் எழுதுவேன்.

தொலைக்காட்சி நாடகத்தை வைத்து உளவியல் படிப்பிப்பது அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பழகிப்போன விஷயம். அங்கே அது பாடத்தைச் சுவையாக்கும் ஒரு வழி. எங்களுக்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதலான தேவை இருக்கிறது. உயர்தரத்தில் உளவியல் என்று ஒரு பாடம் இல்லை. தாதியர் பயிற்சிக்கோ, ஆசிரிய கலாசாலைக்கோ, பல்கலைக்கழகத்துக்கோ, என்னுடையதைப் போன்ற பின்னேர உளவளத்துணை வகுப்புக்கோ வரும் பிள்ளை அங்கேதான் முதன்முதலில் இந்தப் பாடத்தைக் காண்கிறது. கையில் கிடைக்கும் புத்தகம் பெரும்பாலும் அமெரிக்காவில் எழுதியது. அதில் வரும் உதாரணங்கள் பேஸ்போல் ஆட்டம், மாணவர் விடுதிக் கொண்டாட்டம், நன்றி நவிலல் நாள் விருந்து. கருத்தை விளக்க வந்த உதாரணத்தை விளக்கவே அரை மணித்தியாலம் போய்விடும். சீரியல் அப்படியல்ல. பருத்தித்துறைப் பெடியனுக்கும் கிளிநொச்சிப் பெட்டைக்கும் நெல்லியடியில் இருந்து வரும் தாதிக்கும் அது பொதுச் சொத்து. "நான் நாடகம் பார்க்கிறதில்லை" என்று சொல்லும் ஆண்களுக்கும் கதை தெரிந்திருக்கிறது. எப்படி என்று நான் கேட்பதில்லை.

ஆனால் சீரியல் மனித மனத்தைச் சரியாகக் காட்டுகிறது என்று நினைத்து நான் அதை வகுப்புக்குள் கொண்டுவரவில்லை. பெரும்பாலும் அது பிழையாகத்தான் காட்டுகிறது. அந்தப் பிழைதான் எனக்கு வேண்டியிருக்கிறது.

கேள்வி கேட்பவரே அறிவாளி

முதலில் எளிதான ஒன்று. 2012இல் விஜய் ரீவியில் சூர்யா நடத்திய 'நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி' போன்ற வினாவிடை நிகழ்ச்சி ஒன்றில் இருந்து இரண்டு நிமிடம் போட்டுக் காட்டுவேன். பிறகு ஒரு கேள்வி: நடத்துநர், போட்டியாளர், இருவரில் யாருக்குப் பொது அறிவு கூட? கைகள் நடத்துநர் பக்கம் உயரும். ஏன் என்று கேட்டால் கொஞ்ச நேரம் யோசிப்பார்கள். அதற்குப் பிறகுதான் ஒருத்தி மெதுவாகச் சொல்வாள்: "விடை அவருக்கு முன்னால இருக்கிற ஸ்கிரீனில கிடக்குது சேர்."

1977இல் சமூக உளவியலாளர் லீ ரொஸ்ஸும் இரண்டு சகாக்களும் ஸ்டன்ஃபோர்டில் இதையே பரிசோதனையாகச் செய்தார்கள். மாணவர்களைச் சோடி சோடியாக எடுத்து, யார் கேட்பது, யார் பதில் சொல்வது என்பதை எழுந்தமானமாகத் தீர்மானித்தார்கள். கேட்பவர் தனக்குத் தெரிந்த விஷயங்களில் இருந்தே கடினமான கேள்விகளைத் தயாரித்தார். பதில் சொல்பவர் இயல்பாகவே திணறினார். பாத்திரம் தற்செயலாகக் கிடைத்தது என்பது எல்லோருக்கும் தெரியும். அப்படியிருந்தும் பார்த்தவர்களும், ஏன், திணறியவர்களும்கூட, கேள்வி கேட்டவரையே பெரிய அறிவாளி என்று மதிப்பிட்டார்கள். சூழ்நிலை செய்த வேலையை ஆளுடைய குணத்தின் தலையில் கட்டும் இந்த வழக்கத்துக்கு ரொஸ் அதே ஆண்டு 'அடிப்படைக் காரணங்கற்பித்தல் பிழை' என்ற பொருள்படப் பெயர் வைத்தார். சமூக உளவியலில் நான் ஒன்றை மட்டும் படிப்பிக்கலாம் என்றால் இதைத்தான் தெரிவுசெய்வேன்.

தமிழ் சீரியல் இந்தப் பிழையின் மேல் கட்டிய வீடு. வில்லி ஏன் கெட்டது செய்கிறாள்? அவள் வில்லி. கமரா அவளுடைய கண்ணுக்குக் கிட்டப் போகிறது, அவளுக்கென்று ஒரு இசை அடிக்கிறது, புருவம் உயர்கிறது. அவள் எந்த வீட்டில் வளர்ந்தாள், அந்த வீட்டில் அவளுக்கு என்ன இருந்தது, என்ன இல்லை என்பதற்கு நேரமே கிடையாது. நாயகி நல்லவள், ஏனென்றால் அவள் நல்லவள். 'தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்' என்ற ஒற்றைப் பழமொழியை ஆயிரம் அத்தியாயத்துக்கு இழுத்ததுபோல.

'எதிர்நீச்சல்' சன் ரீவியில் 2022இல் தொடங்கியபோது எனக்குப் பெரிய வசதியாகப் போய்விட்டது. ஆதி குணசேகரன் என்ற மூத்தவர், அவர் சொல்லுக்கு அடங்கிய தம்பிமார், படித்துவிட்டும் வீட்டுக்குள் முடங்கிக் கிடக்கும் மருமகள்மார். கடைசியாக வந்த ஜனனி மட்டும் எதிர்த்துக் கேட்கிறாள். வகுப்பில் நான் போட்ட கேள்வி: மற்ற மூவரும் ஏன் பேசாமல் இருந்தார்கள்?

"பயந்த சுபாவம் சேர்." இதுதான் முதல் பதில். அடிப்படைப் பிழை சுடச்சுட.

கொஞ்சம் படித்த பிள்ளை ஒன்று உடனே 'கற்றுக்கொண்ட நிராதரவு' என்று சொல்லும். அது மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மையரும் 1967இல் நாய்களை வைத்துக் கண்டது. தப்ப வழியில்லாமல் மின்னதிர்ச்சி வாங்கிய நாய்களைப் பிறகு சிறிய தடுப்பு ஒன்றைத் தாண்டினால் தப்பலாம் என்ற பெட்டிக்குள் விட்டபோது, பல நாய்கள் தாண்டவேயில்லை, படுத்துக் கிடந்தன. என்ன செய்தும் பயனில்லை என்று அவை கற்றுக்கொண்டுவிட்டன என்பது அன்றைய விளக்கம். மருமகள்மாருக்கும் அது பொருந்துகிறமாதிரித்தான் தெரியும். ஆனால் கதை அங்கே முடியவில்லை. அதே இருவர் 2016இல், மூளையைப் பற்றி இடையில் கண்டதையெல்லாம் சேர்த்துப் பார்த்துவிட்டு, தங்கள் பழைய விளக்கத்தைத் தாங்களே தலைகீழாக்கினார்கள். நீண்ட துன்பத்தில் அசையாமல் கிடப்பது கற்றுக்கொண்ட ஒன்றல்ல, அது உடம்பின் இயல்பான பதில். கற்றுக்கொள்ளப்படுவது கட்டுப்பாடுதான், அதாவது 'நான் செய்தால் ஏதோ மாறும்' என்பது. அப்படிப் பார்த்தால் நாங்கள் கேட்க வேண்டிய கேள்வி மாறிவிடுகிறது. மூவரும் ஏன் அடங்கினார்கள் என்பதை விட்டுவிட்டு, ஜனனி எதை எங்கே கற்றுக்கொண்டு வந்தாள் என்று கேட்க வேண்டும். முன்னரே கட்டுப்பாட்டை அனுபவித்த விலங்கு பின்னர் வரும் தப்பமுடியாத துன்பத்தில் எளிதில் முடங்குவதில்லை என்பதும் அந்தப் பரிசோதனைகளில் வந்த முடிவுதான். அந்த ஒரு மணித்தியாலத்தில் வகுப்பு வேறு வகுப்பாக இருந்தது.

அதோடு விட்டிருந்தாலும் பிழைதான். மனதுக்குள்ளே காரணம் தேடுகிறவர்கள் வெளியே இருப்பதைக் காணாமல் விடுவார்கள். வழக்கம்போல் அன்றும் பின்வரிசைதான் காப்பாற்றியது. "காணி ஆருடைய பேரில சேர்?" என்று ஒருவர் கேட்டார். யாழ்ப்பாணத் தமிழருக்கென்று இருக்கும் தேசவழமைச் சட்டத்தின் கீழ் வரும் மணமான பெண் தன் பெயரில் உள்ள அசையாச் சொத்தை விற்க வேண்டுமென்றாலும் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும், 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் அப்படிச் சொல்கிறது. சீதனக் காணியும் வீடும் அவளுடையவை, கையெழுத்து மட்டும் அவருடையது. இந்த ஒரு விவரத்தை மேசையில் வைத்துவிட்டு மருமகள் ஏன் வெளியே போகவில்லை என்று மறுபடி கேட்டால், 'பயந்த சுபாவம்' என்ற பதில் எவ்வளவு மெலிந்து போகிறது என்று பாருங்கள். கதை தமிழ்நாட்டில் நடக்கிறது, தேசவழமை அங்கே இல்லை என்று இன்னொருவர் திருத்தினார். சரிதான். ஆனால் கதையைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் இங்கேதானே இருக்கிறார்கள்.

மணி அடித்தால் அம்மா வருகிறார்

மணி அடித்தால் சாப்பாடு என்று பழகி, மணிச் சத்தத்துக்கே எச்சில் ஊறிய பாவ்லோவின் நாயைப் படிப்பிக்கச் சீரியலின் தலைப்புப் பாட்டைவிட நல்ல கருவி இல்லை என்று முன்பு நினைத்திருந்தேன். பாட்டு தொடங்குகிறது, அம்மா அடுப்பைக் குறைத்துவிட்டுக் கதிரைக்கு வருகிறார், எல்லோரும் சிரிக்கிறோம், பழக்கப்பட்ட தூண்டல், பழக்கப்பட்ட துலங்கல். இரண்டு வருடம் அப்படியே படிப்பித்தேன். பிழை. நாய்க்கு உமிழ்நீர் சுரப்பது அதன் விருப்பத்தில் இல்லை. அம்மா எழுந்து வருவது அவருடைய செயல். பாட்டு அவருக்கு 'இப்போது வந்தால் கதை கிடைக்கும்' என்று சொல்லும் குறிப்பு மட்டுமே. இது, பலன் கிடைக்கிற செயலைத் திரும்பச் செய்கிறோம் என்று காட்டிய ஸ்கின்னருடைய பக்கம். வில்லி கதவைத் திறக்கும்போது அடிக்கும் அந்த 'டுடூம்' இருக்கிறதே, அதைக் கேட்டு நெஞ்சு திடுக்கிடுவதுதான் பாவ்லோவுக்குச் சொந்தம். படத்தை மூடிவிட்டு ஒலியை மட்டும் போட்டாலும் சிலருக்குத் தோள் இறுகும். ஒரே வீட்டில், ஒரே அரை மணித்தியாலத்தில் இரண்டும் நடக்கின்றன. இந்த வேறுபாட்டை எனக்குப் புரியவைத்தது வகுப்பில் இருந்த ஒரு பாலர் பாடசாலை ஆசிரியை. பாடப்புத்தகம் எனக்கு அதைத் தெளிவாகச் சொல்லித் தந்திருக்கவில்லை.

பிறர் செய்வதைப் பார்த்தே கற்கிறோம் என்று சொன்ன உளவியலாளர் பந்துராவுக்கும் சீரியல் நல்ல துணை. பொம்மையை அடிக்கும் பெரியவரைப் பார்த்துப் பிள்ளைகளும் அடித்த 1961ஆம் ஆண்டுப் பரிசோதனை எல்லோருக்கும் தெரியும். எனக்கு 1965இல் வந்ததுதான் முக்கியம். படத்தில் அடித்தவருக்குத் தண்டனை கிடைப்பதைப் பார்த்த பிள்ளைகள் குறைவாகவே பின்பற்றினார்கள். ஆனால் 'அவர் செய்ததைச் செய்து காட்டினால் பழச்சாறும் ஒட்டுப்படமும் தருவோம்' என்றதும் அந்த வேறுபாடு மறைந்தது. அதாவது எல்லோரும் கற்றுத்தான் இருந்தார்கள், காட்டாமல் வைத்திருந்தார்கள். கடைசி வாரத்தில் வில்லியைச் சிறைக்கு அனுப்பிவிட்டோம், ஆகவே நல்ல செய்திதான் சொன்னோம் என்று வாதாடும் சீரியல்காரர்களுக்கு இதுதான் பதில். எண்ணூறு அத்தியாயம் கற்றது ஒரு வெள்ளிக்கிழமையில் அழியாது. அதே பந்துராவின் கருத்தை நல்ல வழியில் திருப்பலாம் என்று மெக்சிகோவில் மிகேல் சபிதோ 1975இல் முதியோர் எழுத்தறிவுக்காகத் தொடர் நாடகம் செய்ததும், அந்த வழியைப் பார்த்து இந்தியாவில் தூர்தர்ஷன் 1984இல் 156 அத்தியாயங்களில் 'ஹம் லோக்' போட்டதும் தனிக் கதை.

மண்டையில் அடிபட்டால்

2009இல் அமெரிக்காவில் பட்லரும் ரோடிகரும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வு ஒன்றை வகுப்பில் படம் போடுகிற எவரும் படிக்க வேண்டும். மாணவர்கள் வரலாற்றுப் பாடம் ஒன்றை வாசித்தார்கள், அதே விஷயத்தைப் பற்றிய சினிமாத் துண்டையும் பார்த்தார்கள். படமும் பாடமும் ஒத்துப்போன இடத்தில் நினைவு நன்றாகக் கூடியது. படம் பாடத்துக்கு மாறாகச் சொன்ன இடத்தில், சில நிலைமைகளில் ஏறத்தாழ அரைவாசித் தடவை, படத்தின் பிழையையே சரியான விடையாக எழுதினார்கள். 'படங்களில் பிழை இருக்கலாம்' என்று பொதுவாக எச்சரித்ததால் பெரிய பயன் இருக்கவில்லை. 'இந்தக் காட்சியில் இன்ன விஷயம் பிழை' என்று குறிப்பாகச் சொன்னபோதுதான் பிழை குறைந்தது.

ஆகவே காட்சியைப் போட முன்னரே நான் அதன் பிழையைச் சொல்லிவிடுகிறேன். நாயகனுக்கு மண்டையில் அடிபடுகிறது, பெயர், மனைவி, ஊர் எல்லாம் மறந்துவிடுகிறது. ஆனால் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறான், புதிதாகக் காதலிக்கிறான், பிறகு இன்னொரு அடி, எல்லாம் திரும்பி வருகிறது. உண்மையில் மறதி பெரும்பாலும் எதிர்த்திசையில் வேலை செய்யும். 1953இல் வலிப்புக்காகச் செய்த சத்திரசிகிச்சையில் நினைவைப் பதிக்கும் மூளைப் பகுதியான ஹிப்போகம்பசை இரண்டு பக்கமும் இழந்த ஹென்றி மொலேசன் தன் பெயரையும் சிறுவயதையும் அறிந்திருந்தார். புதிதாக எதையும் மனதில் பதிக்கத்தான் முடியவில்லை. பத்து நிமிடத்துக்கு முன் கதைத்தவரை மறுபடி புதியவராகச் சந்திப்பார். ஆனால் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நட்சத்திரம் வரையும் பயிற்சியில் நாளுக்கு நாள் தேறினார், முன்பு பயின்ற நினைவே இல்லாமல். 2008இல் இறக்கும்வரை அப்படியே வாழ்ந்தார். சீரியலின் பொய்யை முன்னால் வைத்தபோதுதான் மொலேசனின் கதையை வகுப்பு கண்ணிமைக்காமல் கேட்டது. வெறுமனே சொல்லிப் பார்த்திருக்கிறேன், கொட்டாவிதான் வந்தது. (இன்னொரு அடி பட்டால் நினைவு திரும்புமா என்று ஒவ்வொரு வருடமும் ஒருவர் கேட்கிறார். திரும்பாது. தயவுசெய்து முயற்சி செய்ய வேண்டாம்.)

ரியாலிட்டி நிகழ்ச்சிகளில் நான் இன்னும் கவனமாக இருக்கிறேன். பிக்பாஸ் தமிழ் 2017இல் கமல்ஹாசனுடன் தொடங்கியது. 2019இல் இலங்கையில் இருந்து லொஸ்லியாவும் தர்ஷனும் உள்ளே போனபோது இங்கே வகுப்பே இரண்டு கட்சியாகப் பிரிந்தது. 'எங்கட ஆக்கள்' என்ற உணர்வைப் படிப்பிக்க வேறு உதாரணம் வேண்டியிருக்கவில்லை. ஆனால் அங்கே இருப்பவர்கள் எழுதப்பட்ட பாத்திரங்கள் அல்லர். இவருக்கு இந்த ஆளுமைக் கோளாறு, அவருக்கு அந்த நோய் என்று மாணவர்கள் முத்திரை குத்தத் தொடங்கினால் நான் ரீவியை நிறுத்திவிடுவேன். தான் நேரில் பரிசோதிக்காத பொதுமனிதருக்கு நோய்ப்பெயர் சொல்லக்கூடாது என்று அமெரிக்க உளமருத்துவர் சங்கம் 1973இலேயே விதி வைத்திருக்கிறது. பெரியவர்களுக்கே அந்த விதி என்றால் முதலாம் வருட மாணவருக்கு எப்படி? அதற்குப் பதிலாக நான் கேட்பது: மணிக்கூடு இல்லை, போன் இல்லை, வெளியே போக முடியாது, ஒவ்வொரு கிழமையும் ஒருவரை வெளியேற்றப் பெயர் சொல்ல வேண்டும். இந்த நான்கையும் உங்கள் வீட்டில் போட்டால் எத்தனை நாளில் சண்டை வரும்? அத்தோடு, 24 மணித்தியாலத்தில் வெட்டி எடுத்த சிறு துண்டைத்தான் பார்க்கிறீர்கள், மிச்சத்தில் அவர்கள் என்ன செய்துகொண்டிருந்திருப்பார்கள்?

திரும்பி வருகிறவர்கள்

இனி என்னுடைய பிழை ஒன்று. இழப்பைப் பற்றிய பாடம். சீரியல்களில் செத்தவர்கள் திரும்பி வருவது வழமை. விமான விபத்து, ஆற்றில் விழுந்தவர், உடல் கிடைக்கவில்லை, இருநூறு அத்தியாயம் கழித்து வாசலில் வந்து நிற்பார். அப்படி ஒரு காட்சியைப் போட்டேன். தாய் படத்துக்கு விளக்கு வைத்துக்கொண்டிருக்கிறார், வாசலில் மகன். சில பேர் சிரித்தார்கள், எனக்கும் அது வேடிக்கையாகத்தான் பட்டது. இரண்டாவது வரிசையில் ஒரு பிள்ளை கொப்பியை மூடி வைத்துவிட்டு வெளியே போனாள். அவளுடைய அண்ணன் 2009இல் இருந்து இல்லை. இல்லை என்றால், இருக்கிறாரா என்றும் தெரியாது.

போலின் பொஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் இதற்குத் தெளிவற்ற இழப்பு என்று பெயர் வைத்தார். ஆள் கண்முன் இல்லை, மனதில் இருக்கிறார். உடல் இல்லாததால் சடங்கு இல்லை, சடங்கு இல்லாததால் துக்கத்துக்கு முடிவில்லை. கிளிநொச்சியில் கந்தசுவாமி கோவில் முன்றலில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் போராட்டத்துக்கு உட்கார்ந்தபோது கையில் பிடித்திருந்த படங்களுக்கு அவர்கள் மாலை போட்டிருக்கவில்லை. மாலை போடாத அந்தப் படங்களே இந்தக் கருத்தை விளக்கிவிடும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உளமருத்துவப் பேராசிரியராக இருந்த தயா சோமசுந்தரம் 1998இலேயே போரின் மனக்காயங்களைப் பற்றி நூலாக எழுதியவர். தனிமனித நோய் என்ற அளவோடு நிற்காமல் குடும்பத்துக்கும் ஊருக்கும் விழுந்த காயமாக அதைப் பார்க்கவேண்டும் என்று தொடர்ந்து சொல்லிவந்தார். இதெல்லாம் எனக்குத் தெரிந்த விஷயங்கள். தெரிந்துகொண்டுதான் அந்தக் காட்சியைப் போட்டேன்.

அந்தப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டேன். அடுத்த கிழமை அவளே ஒரு விஷயம் சொன்னாள்: அவளுடைய அம்மா அந்த சீரியலை விடாமல் பார்க்கிறவர், கதையில் மகன் திரும்பி வந்த அன்று இரவு சாப்பிடவில்லை, ஆனால் மறுநாள் மறுபடி பார்த்தார். அதை நான் விளக்க முற்படவில்லை. இப்போது இறப்பு, காணாமல் போதல், தீ, குண்டு வரும் காட்சிகளைப் போட முன் என்ன வரப்போகிறது என்று முதல்நாளே சொல்லிவிடுகிறேன். வராமல் இருந்தால் காரணம் கேட்பதில்லை. சில காட்சிகளைப் போடுவதே இல்லை, வாயால் சொல்கிறேன்.

கதையின் தூரம் உதவுகிற இடங்களும் உண்டு. குடித்துவிட்டு அடிக்கும் அப்பாவைப் பற்றி இங்கே எந்தப் பிள்ளையும் வகுப்பில் வாய் திறக்காது. யாழ்ப்பாணத்தில் இரண்டு பேர் கதைத்தால் மூன்றாவது ஆள் சொந்தக்காரராக இருப்பார். சீரியலில் வரும் அப்பாவைப் பற்றி ஒரு மணித்தியாலம் கதைப்பார்கள். யாரைப் பற்றிக் கதைக்கிறார்கள் என்பது சிலவேளை எனக்கு விளங்கும், விளங்காத மாதிரி இருந்துவிடுவேன்.

அம்மம்மாவின் குறிப்புகள்

இங்கே ரீவி பார்ப்பது எப்போதும் சத்தத்தோடு நடக்கும் காரியம். இலங்கை அரச தொலைக்காட்சியான ரூபவாஹினி 1982இல் வந்தபோதும் யாழ்ப்பாணத்து வீடுகளின் உயர்ந்த அன்ரனாக்கள் பல இந்தியாவைப் பார்த்துத்தான் நின்றன. 1990க்குப் பிறகு கறண்ட் இல்லாத வருடங்களில் ஜெனரேற்றர் பிடித்து முற்றத்தில் படம் ஓடினால் ஊரே வந்து குந்தும், கதையைவிடக் கதைக்கு நடுவில் வரும் கருத்து பெரிதாக இருக்கும். அந்தப் பழக்கம் வயதானவர்களிடம் இன்னும் இருக்கிறது. பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும் இருக்க, பெரிய வீட்டில் தனியே இருக்கும் அம்மம்மாவுக்குத் தினமும் தவறாமல் வீட்டுக்கு வருகிறவர்கள் சீரியல்காரர்கள்தான். அவர்களோடு கதைப்பார், ஏசுவார், 'சாப்பிட்டுட்டுப் போடி' என்பார். ஹோர்ட்டனும் வோலும் 1956இல் ஒருதலை உறவு என்று விவரித்தது இதைத்தான். அதைத் தனிமையின் நோய்க்குறியாகப் பார்க்கத் தேவையில்லை என்பது என் எண்ணம். கூப்பிடாமல் வரும் விருந்தாளியைப் போல என்று வைத்துக்கொள்ளலாம்.

பருவ முடிவில் நான் கொடுக்கும் வேலை இதுதான்: வீட்டில் வயதானவர் ஒருவரோடு ஒரு கிழமை சீரியல் பாருங்கள். அவர் சொல்லும் ஒவ்வொரு கருத்தையும் சொன்னபடியே எழுதுங்கள். உங்கள் கருத்தைப் பக்கத்தில் எழுதுங்கள். பிறகு இரண்டிலும் எத்தனை குணத்தைப் பற்றியவை, எத்தனை நிலைமையைப் பற்றியவை என்று எண்ணுங்கள்.

இதற்கு ஒரு காரணம் உண்டு. 1984இல் ஜோன் மில்லர் என்ற ஆய்வாளர் சிக்காகோவிலும் மைசூரிலும் ஒரே கேள்வியைக் கேட்டார்: உங்களுக்குத் தெரிந்த ஒருவர் ஏன் அப்படிச் செய்தார்? எட்டு வயதில் இரண்டு ஊர்ப் பிள்ளைகளும் ஏறத்தாழ ஒரே மாதிரிச் சொன்னார்கள். வயது ஏற ஏற அமெரிக்கர்கள் ஆளின் குணத்தையும், மைசூர்க்காரர்கள் அவர் நின்ற நிலைமையையும் கூடுதலாகச் சொன்னார்கள். ரொஸ் 'அடிப்படை' என்று சொன்ன பிழை எல்லா ஊரிலும் ஒரே அளவில் அடிப்படையாக இருக்கவில்லை.

போன வருடம் ஒரு பெடியன் கொண்டுவந்த கொப்பி என்னிடம் இன்னும் இருக்கிறது. அவனுடைய பக்கத்தில்: 'மோசமானவள்', 'பொறாமை பிடித்தவள்', 'இவள் மாறமாட்டாள்'. அம்மம்மாவின் பக்கத்தில், திங்கட்கிழமை, அதே வில்லி நஞ்சைப் பாலில் கலக்கும் காட்சிக்கு நேரே எழுதியிருந்தது: "பாவி. நகையெல்லாத்தையும் மூத்தவளுக்குக் குடுத்திட்டு இவளை வெறுங்கையோட அனுப்பினா வேற என்னடா செய்வாள்? பாலைக் குடிச்சிடப் போறான், சவுண்டைக் கூட்டு."